பிள்ளைகளோடு மலையில் ஓர் இரவு: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

2024 ஜூன் கடைசியில் கனடாவிலிருந்து அண்ணா போன் எடுத்தார். "தங்கச்சி, பெடியன் ரெண்டு மாதம் உன்னோட நிக்கட்டும். ஒக்டோபரில அவனை மூஸ் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறன். துவக்கு விஷயத்தை நான் பாப்பன். நீ அவனுக்குப் பாரம் தூக்கிக்கொண்டு மலையில நடக்கவும், காட்டில படுத்தெழும்பவும் பழக்கி விடு" என்றார். மூஸ் என்பது அங்கே காட்டில் திரியும் மிகப் பெரிய மான் இனம். அண்ணா இருபது வருஷமாக பிரிட்டிஷ் கொலம்பியாவில், பிரின்ஸ் ஜோர்ஜ் பக்கம் இருக்கிறார். மருமகனுக்கு 15 வயது. எனக்கு 16 வயதில் ஒரு மகனும் 13 வயதில் ஒரு மகளும். கணவர் டோகாவில். வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் நானும் பிள்ளைகளும்தான். பள்ளிக் காலத்தில் சாரணியத்தில் இருந்தவள், சிவனொளிபாத மலைக்கு நாலு தரம் போய் வந்தவள் என்பதால் என்னால் முடியும் என்று அண்ணா நம்பினார். நானும் நம்பினேன். ஆனால் பருவ காலத்தில் விளக்கு வெளிச்சத்தில், வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை இருக்கிற படிகளில் ஏறுவது வேறு, ஆளில்லாத இடத்தில் மூன்று பிள்ளைகளின் பொறுப்போடு நிற்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல்தான் போனேன். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வேட்டை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் அம்மப்பா வன்னியில் இடியன் துவக்கு வைத்திருந்தவர். மரை வத்தல் எங்கள் வீட்டுச் சாப்பாடாக இருந்த காலமும் உண்டு. இங்கே இன்று மரையும் மானும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்கள். 1937இல் வந்த தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, வெள்ளைக்காரத் துரைமார் யானைகளையும் மரைகளையும் சுட்டுத் தள்ளிய காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. அது முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அண்ணாவின் ஊர் நிலைமை வேறு. அங்கே பாடம் படித்துச் சோதனை எழுதித்தான் வேட்டை உரிமம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் உரிமமுள்ள பெரியவர் கூடவே நிற்க வேண்டும். சுட்ட மிருகத்தின் சாப்பிடக்கூடிய இறைச்சியைக் காட்டிலே விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். பெரிய ஆண் மூஸ் 500 கிலோ வரும், அதற்கு மேலும் வரும். அதைத் துண்டு போட்டு, முதுகில் சுமந்து, பல நடை நடந்து வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். "சுட்ட பிறகுதான் வேலை தொடங்குது" என்பது அண்ணா அடிக்கடி சொல்வது. வளர்ந்த ஆம்பிளைகளே அந்தப் பாரத்தோடு இறக்கத்தில் முழங்காலை உடைத்துக்கொள்கிறார்களாம். பிள்ளைக்கு முதலில் கால் பழக வேண்டும் என்று அவர் நினைத்தது சரிதான்.

ஜூலை முழுக்கக் கொழும்பிலேயே பழக்கினோம். இந்தப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். மலை இல்லாத ஊரில் படிக்கட்டுத்தான் மலை. எங்கள் மாடிவீட்டுக் கட்டடத்தில் லிஃப்டை விட்டுவிட்டு, கீழிருந்து மொட்டை மாடி வரை ஏறி இறங்கினோம். முதல் வாரம் வெறும் பையோடு, பிறகு பைக்குள் 5 கிலோ அரிசிப் பை ஒன்று, பிறகு இரண்டு. அரிசியில் வசதி என்னவென்றால் எவ்வளவு தூக்குகிறோம் என்பது சரியாகத் தெரியும். வளர்கிற பிள்ளைக்கு உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். 54 கிலோ மருமகனுக்குப் 11 கிலோவுக்குள், 38 கிலோ மகளுக்கு ஏழரை. பின்னேரங்களில் வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைப் பக்கம் கடற்கரை மணலில் நடப்போம். மணலில் கணுக்கால் நன்றாகப் பலப்படும். பை கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பாரமான சாமான் முதுகோடு ஒட்டி, நடு உயரத்தில் இருக்க வேண்டும். இடுப்புப் பட்டி தொப்புளில் இல்லாமல் இடுப்பு எலும்பின் மேல் இறுக வேண்டும். அப்படிக் கட்டினால் தோள் இரண்டும் லேசாகிவிடும். முதல் நாள் தோள் வலிக்குது என்று அழாக்குறையாக நின்ற மகள், பட்டியை இரண்டு விரல் கீழே இறக்கிக் கட்டியதும் "அம்மா, யாரோ பின்னால நிண்டு தூக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

செய்யாமல் விட்டவையும் உண்டு. டென்டை மொட்டை மாடியில் ஒரு தரம் அடித்துப் பார்த்தோம், ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. புறக்கோட்டைப் பக்கம் 14,500 ரூபாவுக்கு வாங்கிய டென்ட், மழைக்கு நிற்கும் என்று சொல்லித்தான் தந்தார்கள். மகனின் மலைச் சப்பாத்து நாலு வருஷமாக அலுமாரியில் கிடந்தது. வெளியில் பார்க்கப் புதுசு, அதனால் நானும் நம்பிவிட்டேன். மருமகன் அண்ணாவின் திசைமானியைக் கொண்டுவந்திருந்தான். நல்ல விலையான சாமான். அதைப் பையில் வைத்தோமே தவிர, இங்கே ஒரு நாளும் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை.

போக நினைத்த பாதை களுபஹனவிலிருந்து பம்பரகந்தை நீர்வீழ்ச்சி வழியாக ஓஹியாவுக்கு ஏறுவது. 263 மீட்டர், இலங்கையிலேயே உயரமான நீர்வீழ்ச்சி அது. அதற்கு மேலே பைனஸ் காடு, புல்வெளி, தேயிலைத் தோட்டம் என்று மாறி மாறி வந்து, கிட்டத்தட்ட 600 மீட்டர் ஏற்றத்துக்குப் பிறகு ரயில் பாதை. இரவு ஒன்று தங்கி இரண்டு நாளில் முடிக்கலாம் என்று இருந்தேன். தனியாகப் போகிற எண்ணம் எனக்கு இருக்கவே இல்லை. வழிகாட்டி, தங்குமிட அனுமதி, சாப்பாடு எல்லாம் பார்ப்பதாக ஒரு ஏற்பாட்டாளர் போனில் கதைத்து 18,000 ரூபா முற்பணம் வாங்கினார். ஆகஸ்ட் மூன்றாம் வாரம், விடியப் புறப்படும் பதுளை பஸ்ஸில் ஏறி, இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டிக் களுபஹனச் சந்தியில் இறங்கினோம். அங்கே நிற்பதாகச் சொன்ன ஆள் இல்லை. போன் அடித்து ஓய்ந்தது, பிறகு நிறுத்தப்பட்டது. ஒன்றரை மணித்தியாலம் கடை வாசலில் நின்றோம். நான் திரும்பியிருக்க வேண்டிய முதல் இடம் அது. ஆனால் மூன்று பிள்ளைகளும் பையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். ஒரு மாதம் படி ஏறியிருக்கிறார்கள். காசும் போய்விட்டது. போன காசை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் என்னை இழுத்தது. முச்சக்கர வண்டி பிடித்து நீர்வீழ்ச்சிக்குப் போய், 11.20க்கு ஏறத் தொடங்கினோம்.

இந்த இடத்தில் நேரக் கணக்கு ஒன்று சொல்ல வேண்டும். மட்டமான நிலத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம் என்பது மலை ஏறுகிறவர்களின் பழைய கணக்கு. அது பாரமில்லாத, பழகிய பெரியவரின் கால். பாரம் தூக்கிய பிள்ளைகளுக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். நான் பெருக்கவில்லை. அதோடு வழிகாட்டி வராததால் அவர் கொண்டுவருவதாக இருந்த சாமானும் தண்ணீரும் எங்கள் பைகளில் ஏறின. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 11 கிலோ என்று கட்டிக் காத்த மருமகனின் பை 16 கிலோ ஆனது. வளர்ந்த பெடியன், அண்ணாவின் மகன், தூக்குவான் என்று விட்டுவிட்டேன்.

பைனஸ் காட்டுக்குள் நடப்பது முதலில் சுகமாக இருந்தது. காய்ந்த ஊசி இலை காலடியில் மெத்தை போட்டது. பிறகு ஈரமான பள்ளம் ஒன்று. அங்கே அட்டை. மகள் நின்று காலைத் தூக்கிக் காட்டினாள். சப்பாத்தின் நாடா ஓட்டையொன்றுக்குள்ளால் நூல் போல மெலிந்த அட்டை தலையை நீட்டி, காற்றில் அங்குமிங்கும் தடவி, மெல்லக் கால்மேசில் ஒட்டிக்கொண்டது. நெருக்கமாக நெய்த நீளக் கால்மேசை முழங்கால் வரை இழுத்து, களிசான் விளிம்பை அதற்குள் செருகி, சவர்க்காரத்தை ஈரத்தில் தேய்த்துப் பூசினால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் நகத்தால் வாயின் பக்கமாக வழித்து எடுக்கலாம். அட்டையால் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் பயப்படுவது அதற்கு, பெரியவர் பயப்பட வேண்டியது மழைக்கு.

இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் போனில் சிக்னல் இல்லை. மகள், "அம்மா, திரும்புவமே? வந்த வழி இன்னும் தெரியுது" என்றாள். அவள் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. நான், "இன்னும் கொஞ்சத் தூரம்தான் பிள்ளை" என்றேன். எவ்வளவு தூரம் என்று எனக்கே தெரியாது. மருமகன் திசைமானியை எடுத்தான். நாங்கள் அச்செடுத்து வந்த வரைபடத்தில் திசையைக் குறித்து, அந்தப் பக்கம் நடந்தோம். அவன் நடந்த நேர்த்தியைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முக்கால் மணித்தியாலத்தில் பாதை புல்வெளியில் கரைந்து போனது. இடுப்பளவு புல், அடுத்த பத்தடி தெரியாத பனி. மகள் இரண்டாம் தரமும் சொன்னாள். அந்த நேரம் மழையும் தொடங்கிவிட்டது. மழைக்குள் திரும்பி என்ன செய்வது என்று நான் எரிந்து விழுந்தேன்.

திசைமானிக்கு என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் இந்த இடத்தில் சொன்னால்தான் விளங்கும். திசைமானியின் ஊசி காட்டுவது உண்மையான வடக்கை அல்ல, காந்த வடக்கை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும். அண்ணாவின் ஊரில் காந்த வடக்கு ஏறத்தாழ 16 பாகை கிழக்கே விலகி நிற்கும். இலங்கையில் அது 2 பாகை அளவு மேற்கே. நல்ல திசைமானிகளில் இதைச் சரிக்கட்டச் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். அண்ணா தன் ஊருக்கு ஏற்ப அதைத் திருகி வைத்திருந்தார். யாரும் அதை மாற்றவில்லை. ஆக நாங்கள் நடந்த ஒவ்வொரு அடியும் 18 பாகை இடப் பக்கம் பிசகியது. ஒரு கிலோமீட்டர் நடந்தால் 300 மீட்டருக்கு மேல் விலகிவிடும். மூடுபனியில் 300 மீட்டர் என்பது வேறு மலை. பிள்ளை பிழை விடவில்லை, கருவியும் பழுதில்லை, அது இன்னொரு நாட்டுக்கு வைத்த கருவி. வெளிநாட்டிலிருந்து வரும் திசைமானியை முதலில் காலிமுகத் திடலில் வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் கரையோரப் பாதை காட்டும் திசையும் கையில் இருப்பது காட்டும் திசையும் ஒன்றா என்று பார்க்கப் பத்து நிமிஷம் போதும். மெரின் டிரைவில் வேண்டாம், ரயில் தண்டவாளமும் வாகனங்களும் ஊசியைக் குழப்பும். திரும்பி வந்த பிறகு நாங்கள் மூன்று தரம் பார்த்தோம், மூன்று தரமும் அதே 18 பாகை.

நாலரைக்கு மகனின் வலது சப்பாத்தின் அடி அப்படியே கழன்று, வாய் பிளந்த மாதிரித் தொங்கியது. கொழும்பின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் சும்மா கிடக்கும் சப்பாத்தின் பசை உள்ளுக்குள் உக்கிவிடும். போடுகிறவனைவிடப் போடாமல் வைத்திருப்பவனுக்குத்தான் இது நடக்கும். நுனியையும் குதியையும் பிடித்து நன்றாக வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கோடு வெடித்தால் அதோடு எங்கும் போகாதீர்கள். கயிற்றால் சுற்றிக் கட்டி நடந்தான். பாவம், ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை.

ஐந்தரைக்குத்தான் மருமகனைக் கவனித்தேன். வழி முழுக்க "இது குளிரே இல்ல மாமி, எங்கட ஊரில இதுக்கு ரீஷேர்ட்டோட நிப்பம்" என்று சொல்லி வந்தவன். பருத்தியில் செய்த தொப்பிச் சட்டையும் ஜீன்ஸும் போட்டிருந்தான். இரண்டும் தண்ணீரைக் குடித்துத் தொங்கின. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரை பாகை குறையும். அதற்கு மேல் காற்று. "டென்ட் அடிப்பம், பையைக் கழற்று" என்றேன். அவன் இடுப்புப் பட்டியின் கொளுக்கியில் விரலை வைத்து அமத்துகிறான், அமத்துகிறான், அது கழரவில்லை. ஒரு மாதமாக நாளுக்கு இருபது தரம் கழற்றிய கொளுக்கி. நான் குனிந்து கழற்றிவிட்டேன். விரல்கள் விறகு மாதிரி இருந்தன. என்ன என்று கேட்டதற்கு வாய் குழறி ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தான். பிறகு, "அவசரமில்ல மாமி, இன்னும் மூண்டு மணித்தியாலம் வெளிச்சம் இருக்கும்" என்றான். அவன் ஊரில் கோடையில் சூரியன் விழுந்த பிறகும் வெளிச்சம் நீண்ட நேரம் நிற்கும். இங்கே ஆகஸ்டில் ஆறு இருபதைத் தாண்டிச் சூரியன் போனால் இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் கைவிரல் தெரியாது. அந்த ஒரு வசனத்தில் எனக்கு வயிறு கலங்கியது. பிள்ளைக்கு உடம்பு மட்டுமல்ல, புத்தியும் குளிர்ந்துகொண்டிருக்கிறது என்று விளங்கியது.

நடுக்கம், வாய் குழறல், விரல் வழங்காமை, கால் தடுமாறல். இந்த நாலும் உடம்புச் சூடு இறங்குவதன் அடையாளம். உறைபனி தேவையில்லை. பத்து பதினைந்து பாகையும் மழையும் காற்றும் ஈர உடுப்பும் போதும். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. குளிர் போகாமல் நடுக்கம் மட்டும் நின்றால் அதுதான் பேராபத்து. அன்று எங்களைக் காப்பாற்றியது மகள். அவள் ஒருத்திதான் மாற்று உடுப்பை அரிசி வந்த தடித்த பொலித்தீன் பைக்குள் முறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். மருந்துக் குப்பி ஒன்றில் தீப்பெட்டியின் குச்சியும் உரசும் பக்கமும். என் லைட்டர் நனைந்து செத்துவிட்டது. டென்டை அடித்ததும் மருமகனின் ஈர உடுப்பு முழுவதையும் கழற்றி, மகளின் கம்பளி மேற்சட்டையையும் என் சால்வையையும் போட்டோம். வெறும் பைகளைக் கீழே விரித்து அதன் மேல் அவனை இருத்தினேன். நிலம்தான் சூட்டை அதிகம் உறிஞ்சும். கையைக் காலைத் தேய்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது நல்லதாயிற்று. மகனும் நானும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டோம். கேஸ் அடுப்பில் தண்ணீர் கொதித்ததும் சமஹன் என்ற மூலிகைப் பானத் தூள் இரண்டு பக்கற், சீனி ஆறு கரண்டி. குவளையைப் பிடிக்க முடியாததால் மகள் வாயில் வைத்துப் பருக்கினாள். எள்ளுருண்டையைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கொடுத்தோம். எட்டரை தாண்டித்தான் நடுக்கம் தணிந்து, வாய் தெளிவாகக் கதைத்தது. முதல் வார்த்தை, "சொறி மாமி." எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

டென்டின் மூலைத் தையல்களால் இரவு முழுக்கத் தண்ணீர் சொட்டியது. என் போன் அதில் ஊறியே போனது. சிக்னல் இருந்தாலும் 1990 அம்புலன்ஸுக்கோ 119க்கோ எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்காது. எங்கள் பாதையை எழுதி யாரிடமும் கொடுத்துவிட்டு வரவுமில்லை. கீழ்வீட்டு அன்ரியிடம் "நுவரெலியாப் பக்கம் போறம்" என்று மட்டும் சொன்னேன், அது நுவரெலியாப் பக்கம்கூட இல்லை. அவரோ எங்களை நாளை மறுநாள்தான் தேடத் தொடங்குவார். விடியும்வரை அந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு நாய் குரைத்தது. பிறகு சேவல். பனி விலகியபோது, சரிவில் நானூறு மீட்டர் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் தெரிந்தது, கூரையில் புகை. இரவு முழுக்க அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறோம். நெருப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். "என்னா பிள்ள இது, புள்ளைங்கள இப்புடி நனைய விட்டுட்டீங்களே! ஒரு சத்தம் குடுத்திருந்தா எங்க ஆளுங்க லைட்ட எடுத்துக்கிட்டு வந்திருப்பாங்களே" என்றார். அடுப்படியில் பிள்ளைகளை இருத்தி, சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும் வெறுந்தேத்தண்ணியும் தந்தார். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். சத்தம் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பையைக் கழுவும்போது, மருமகனின் பையின் நெஞ்சுப் பட்டிக் கொளுக்கியே விசில் என்று கண்டுபிடித்தோம். கொளுக்கியின் ஓரத்தில் ஒரு சின்னத் துவாரம். ஊதினால் காது கிழியும். இப்போது வரும் முதுகுப்பைகள் பலவற்றில் இது இருக்கிறது. உங்கள் பையை எடுத்துப் பாருங்கள். மூன்று தரம் ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று. உதவி வேண்டும் என்பதற்குப் பல நாடுகளில் அதுதான் குறி.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வராத முற்பணம் 18,000. டென்ட் 14,500. ரயிலுக்கு நிற்கிற நிலையில் யாரும் இல்லாததால் கொழும்புக்கு வான் 38,000. தனியார் மருத்துவமனையில் மூன்று பிள்ளைகளையும் காட்டியது 12,600. போன் திருத்தியது 22,000. எல்லாம் சேர்த்து 1,05,100 ரூபா. காசை விடுங்கள். இரண்டு கிழமை மருமகன் இரவில் திடுக்கிட்டு எழும்பினான். அண்ணாவுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு நாலு நாள் எடுத்தது. சொன்னபோது அவர் நீண்ட நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "ஒக்டோபரில அங்க இது நடந்திருந்தா ஆள் மிஞ்சியிருக்க மாட்டான்" என்றார்.

அதன் பிறகு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினோம். டென்டை மொட்டை மாடியில் அடித்து, உள்ளே பிள்ளைகளை இருத்தி, மேலே பத்து வாளி தண்ணீர் ஊற்றினோம். கசிந்த தையல்களுக்கெல்லாம் அதற்கான பசை பூசி, மறுநாள் இன்னும் பத்து வாளி. மலைக்குப் பருத்தி உடுப்பு இல்லை என்று முடிவெடுத்தோம். சீக்கிரம் காயும் விளையாட்டு உடுப்பும், அதற்கு மேல் கம்பளியும் போதும், விலை கூடியது தேவையில்லை. படுக்கும் உடுப்பு ஒரு சோடி தடித்த பொலித்தீனில். அதை நடக்கும்போது எக்காரணத்துக்கும் எடுக்கக் கூடாது. சாப்பாட்டை ஒரே பையில் கட்டி, படுக்கும் இடத்திலிருந்து நூறு அடியாவது தள்ளி மரத்தில் தொங்கவிடப் பழகினார்கள். இங்கே அது குரங்குக்கும் பன்றிக்கும். அண்ணாவின் காட்டில் கரடிக்கு, அங்கே நூறு மீட்டர் தள்ளி, 4 மீட்டர் உயரத்தில். குடிதண்ணீரைக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் கொதிக்க விட வேண்டும், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிஷம். தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் வரும் ஓடையில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம், அது கொதிக்க வைத்தாலும் போகாது. தோட்டத்துக்கு மேலே இருந்து எடுங்கள், அல்லது லயத்தில் கேட்டு வாங்குங்கள். காலைக்கடனுக்கு ஒரு சாண் ஆழக் குழி, தண்ணீரிலிருந்து எழுபது எண்பது காலடி எடுத்து வைத்துத் தள்ளி. பெண் பிள்ளை கூட வந்தால், நாள் கணக்கு எப்படி இருந்தாலும் மாதவிடாய்த் துவாய்களும் அவற்றைத் திரும்பக் கொண்டுவரக் கறுப்புப் பையும் வைத்துவிடுங்கள். ஏற்றமும் களைப்பும் அந்த நாள் கணக்கை மாற்றிவிடலாம், மலையில் வைத்துப் பிள்ளை வெட்கத்தில் உங்களிடம் சொல்லாமல் இருப்பாள்.

போகும் இடத்தில் தங்கத் தோட்டத்துக் கந்தோரில் முன்கூட்டியே கேளுங்கள். வனத்திணைக்களத்தின் இடமென்றால் அவர்களின் அனுமதிச் சீட்டோடு போங்கள். வழிகாட்டிக்கு முற்பணம் அனுப்பாதீர்கள், அந்த ஊரில் இருக்கிற ஆளாகப் பார்த்து, போய்ச் சேர்ந்த பிறகு கொடுங்கள். பாதையையும், இத்தனை மணிக்குள் என் போன் வராவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதி இப்போது கீழ்வீட்டு அன்ரியின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுத்தான் போகிறேன்.

ஆனால் நாங்கள் மாற்றியதில் பெரிது இது. யாராவது ஒருவர் "திரும்புவோம்" என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, பிறகு குத்திக் காட்டக் கூடாது. வயதில் சின்னவர் சொன்னாலும் அதே. எங்கள் வீடுகளில் பிள்ளை பெரியவருக்கு மறுத்துச் சொல்லப் பழகவில்லை, நாங்கள் பழக்கவுமில்லை. என் மகள் இரண்டு தரம் சொன்னாள், நான் இரண்டு தரமும் அடக்கினேன். மூன்றாம் தரம் அவள் சொல்லவே இல்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்றைக்கும் சுடுகிறது. மருமகன் போவதற்கு மூன்று நாள் முந்தி, லயத்து அம்மாவின் மகனை வழிகாட்டியாக வைத்து, ஒரு பகல் மட்டும் அதே மலைக்குப் போனோம். மகள்தான் முன்னால் நடந்தாள். ஒரு மணிக்குப் பனி இறங்கத் தொடங்கியதும் மருமகன் நின்று "திரும்புவம்" என்றான். உச்சிக்கு அரை மணித்தியாலம்தான் மிச்சம் என்றார் வழிகாட்டித் தம்பி. நாலு பேரும் ஒன்றும் கதைக்காமல் திரும்பி நடந்தோம்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு நாள் விடியப்புறம் அண்ணா எடுத்தார். குரலில் கோபமா சிரிப்பா என்று முதலில் பிடிபடவில்லை. "தங்கச்சி, பெடியனுக்கு நீ என்னத்தைப் பழக்கி விட்டனி? மத்தியானம் மூண்டு மணி, மூஸின்ர புதுக் காலடி, சேறு இன்னும் ஊறிக்கொண்டிருக்கு. இவன் நேரத்தைப் பாத்திட்டு, அப்பா திரும்புவம் எண்டு நிக்கிறான்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றேன்.

"திரும்பீட்டம். வண்டிக்குக் கிட்ட வரேக்க இருட்டிப் போச்சு, பனி கொட்டத் தொடங்கீட்டுது" என்றார். பிறகு பின்னால் யாரிடமோ போனை நீட்டும் சத்தம் கேட்டது. "மாமி" என்றான் மருமகன், "மச்சாள் எழும்பீட்டாளா? அவளிட்டச் சொல்ல வேணும்."